ஆசனப் பட்டியும் பயணிகளின் சட்டப் பொறுப்பும்

வீதி விபத்து ஒன்று நேர்ந்துவிட்டால் எமது சமூகத்தில் முதலில் எழுகின்ற கேள்வி, "யார் பிழை?" என்பதாகும். சாரதி தூங்கிவிட்டாரா, வேகமாகச் செலுத்தினாரா, எதிரே வந்த வாகனம் முந்த முயன்றதா என்றெல்லாம் விசாரிக்கப்படுகின்றது. ஆனால், வாகனத்துக்குள் அமர்ந்திருந்தவர்கள் தம்மைப் பாதுகாத்துக் கொள்வதற்காகப் பொருத்தப்பட்டிருந்த ஆசனப் பட்டியை அணிந்திருந்தார்களா என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. உயிரிழந்தவர்களைக் குறைகூறுவது பண்பல்ல என்ற எண்ணம் அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த எண்ணம் மதிக்கப்பட வேண்டியதே. எனினும், அடுத்த விபத்தில் உயிர்கள் காக்கப்பட வேண்டுமாயின் அந்தக் கேள்வியை நாம் தவிர்த்துக் கொண்டிருக்க முடியாது.

இலங்கையில் வீதி விபத்துகளால் ஏற்படும் இழப்பு சாதாரணமானதல்ல. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 38 ஆயிரம் விபத்துகள் இடம்பெறுகின்றன என்றும், அவற்றில் சுமார் 3 ஆயிரம் பேர் உயிரிழப்பதுடன் 8 ஆயிரம் பேர் வரையில் படுகாயமடைகின்றனர் என்றும் உலக வங்கி 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் கூறியிருந்தது. 2025 மே மாதத்தில் கொத்மலை, கெரண்டியெல்லவில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் அதிகமானோர் பலியாகினர். அதே ஆண்டு செப்ரெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்ததில் 15 பேர் உயிரிழந்தனர். மலைநாட்டின் பள்ளத்தாக்குகளில்தான் இவ்வாறான துயரங்கள் நிகழும் என்று சமதரையில் வாழும் நாம் ஆறுதலடைந்துவிட முடியாது. 2016 டிசம்பரில் சாவகச்சேரி, சங்கத்தானையில் தென்னிலங்கையிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வந்த வான் ஒன்று பஸ்ஸுடன் மோதியதில் குறைந்தது 10 பேர் உயிரிழந்ததைக் குடாநாட்டு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பின்னணியிலேயே ஆசனப் பட்டி தொடர்பான சட்டத்தை நோக்க வேண்டியுள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2009ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தைத் தொடர்ந்து, சாரதியும் முன்னாசனப் பயணியும் பட்டி அணிய வேண்டும் என்ற விதி 2011ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் பின்னாசனப் பயணிகளைப் பற்றிப் பேசுவார் எவரும் இருக்கவில்லை. 2025ஆம் ஆண்டில் ஏற்பட்ட பாரிய விபத்துகளின் பின்னரே, நீண்டதூர பஸ்களின் சாரதிகள் ஆசனப் பட்டி அணிய வேண்டும் என்றும், அதிவேக நெடுஞ்சாலைகளில் செல்லும் வாகனங்களில் உள்ள சகல பயணிகளும் அதனை அணிய வேண்டும் என்றும் போக்குவரத்து அமைச்சு அறிவித்தது.

இந்த அறிவிப்பு வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இதில் வடபகுதி மக்களுக்கு உள்ள பயன் என்ன என்று நாம் கேட்க வேண்டியுள்ளது. நாட்டில் பாவனையில் உள்ள அதிவேக நெடுஞ்சாலைகள் யாவும் கொழும்பைச் சூழவும் தெற்கிலும் குருநாகல் பக்கத்திலுமே அமைந்துள்ளன. வடக்கில் ஒரு கிலோமீற்றர் தூரம் கூட அதிவேக நெடுஞ்சாலை கிடையாது. ஆனால், அதிவேகம் இருக்கின்றது. 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, போர் முடிந்த பின்னர் மீண்டும் திறக்கப்பட்ட ஏ-9 வீதி இன்று நன்கு செப்பனிடப்பட்டுள்ளது. ஒரு காலத்தில் குண்டும் குழியுமாக இருந்ததால் வாகனங்கள் ஊர்ந்து சென்ற இவ்வீதியில், இப்போது வான்களும் சொகுசு பஸ்களும் இரவு வேளைகளில் பறக்கின்றன. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான சுமார் 400 கிலோமீற்றர் தூரத்தை ஓரிரவில் கடக்கும் சாரதிகள், மாங்குளத்துக்கும் ஆனையிறவுக்கும் இடைப்பட்ட நேரான வீதியில் விடியற்புறத்தில் களைப்புடன் செலுத்துகின்றனர். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டதன் பின்னர் மன்னார் - பூநகரி வழியாகவும் போக்குவரத்துப் பெருகியுள்ளது. 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் தமது பூர்வீக மண்ணான சோனகத் தெருவுக்கு வந்து போவதும், தமிழ்க் குடும்பங்கள் மடுவுக்கும் கேதீச்சரத்துக்கும் கொழும்புக்கும் சென்று திரும்புவதும் இந்த வீதிகளாலேயே. நடுவே பிரிப்பு இல்லாத, கால்நடைகள் குறுக்கிடுகின்ற, எதிரெதிரே வாகனங்கள் வருகின்ற வீதியானது அதிவேக நெடுஞ்சாலையை விட ஆபத்தானது. பாதுகாப்பு விதி கூடுதலாகத் தேவைப்படுவதும் அங்கேயாகும்.

ஆசனப் பட்டியின் அவசியத்தை விளக்குவதற்கு பெரிய விஞ்ஞான அறிவு வேண்டியதில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் மோதி நின்றுவிடும்போது, உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்கின்றது. அந்த வேகத்தில் ஒரு பொருளில் மோதுவது சுமார் 14 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தில் விழுவதற்குச் சமமானது. வளர்ந்த பனையொன்றின் உச்சியிலிருந்து வீழ்பவருக்கு என்ன நேருமோ அதுவே அவருக்கும் நேரும். வேகம் 100 கிலோமீற்றராகும்போது அந்த உயரம் 39 மீற்றராக உயர்கின்றது. எந்தப் பனையும் அந்த உயரத்துக்கு வளர்வதில்லை. மடியில் குழந்தையை வைத்திருக்கும் தாய், "நான் இறுகப் பிடித்துக் கொள்வேன்" என்று நம்புகின்றார். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் சென்ற வாகனம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுமாயின், 10 கிலோ எடையுள்ள குழந்தை 140 கிலோ சுமையைப் போன்று கையை விட்டுப் பாயும். எந்தத் தாயின் கரங்களும் அதனைத் தாங்கமாட்டா.

சுவீடன் நாட்டின் வொல்வோ நிறுவனத்தைச் சேர்ந்த பொறியியலாளர் நீல்ஸ் போலின் 1959ஆம் ஆண்டில் உருவாக்கிய மும்முனைப் பட்டியே இன்று உலகெங்கும் பயன்படுத்தப்படுகின்றது. அதன் காப்புரிமையைத் தனக்கு மட்டும் வைத்துக் கொள்ளாமல் ஏனைய உற்பத்தியாளர்களும் பயன்படுத்துவதற்கு அந்நிறுவனம் இடமளித்தது. பட்டி அணிவதன் மூலம் வாகனத்தில் இருப்போரின் மரண ஆபத்தை 50 சதவீதம் வரையில் குறைக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

இனி, சட்டப் பொறுப்பு என்ற விடயத்துக்கு வருவோம். இதனை மூன்று தளங்களில் வைத்து நோக்குதல் பொருத்தமாகும். முதலாவது, பட்டி அணியாமை என்ற குற்றத்துக்கு யார் தண்டப்பணம் செலுத்துவது என்பது. இரண்டாவது, விபத்தில் காயமடைந்தவர் நட்டஈடு கோரும்போது அவர் பட்டி அணியாதிருந்தமை எவ்வாறு கணக்கில் எடுக்கப்படும் என்பது. மூன்றாவது, பட்டி அணியாத பயணி உடன்பயணிப்பவருக்கு விளைவிக்கும் தீங்கு பற்றியது.

முதலாவது விடயத்தில், எமது வீதிகளில் பொலிஸார் வாகனத்தை மறித்தால் எல்லாவற்றுக்கும் சாரதியிடமே பதில் கேட்கும் பழக்கம் வேரூன்றியுள்ளது. பயணி தன்பாட்டில் வேறெங்கோ பார்த்துக் கொண்டிருப்பார். வேறு நாடுகளில் நிலைமை அவ்வாறானதல்ல. பிரித்தானியாவில் 14 வயதும் அதற்கு மேற்பட்டவருமான பயணி தாமே பொறுப்பாளியாவார். அந்த வயதுக்குக் குறைந்தவர்களுக்கே சாரதி பொறுப்பேற்க வேண்டும். 2023 ஜனவரியில், ஓடும் காரின் பின்னாசனத்தில் பட்டியைக் கழற்றிவிட்டுக் காணொளி பதிவுசெய்த அன்றைய பிரித்தானியப் பிரதமர் ரிஷி சுனக்குக்கு லங்காஷயர் பொலிஸார் தண்டம் விதித்தனர். நாட்டின் பிரதமராயினும் பின்னாசனத்தில் அமர்ந்தால் அவரும் ஒரு பயணியே என்பதை அச்சம்பவம் உலகுக்கு உணர்த்தியது. எமது உறவுகள் பெருமளவில் வாழ்கின்ற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1976ஆம் ஆண்டிலேயே ஆசனப் பட்டி கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. அங்கும் 16 வயதுக்கு மேற்பட்ட பயணி தமக்குத் தாமே பொறுப்பு. ரொறன்ரோவில் காரில் ஏறியவுடன் கேளாமலே பட்டியை இழுத்துப் பூட்டுகின்ற எமது உறவினர், விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்து ஹயஸ் வானில் ஏறியதும் அதனை மறந்துவிடுகின்றார். மனிதர் மாறவில்லை. அவரைச் சூழ்ந்த சட்டமும் வழக்கமுமே மாறிவிடுகின்றன.

அண்டை நாடான இந்தியாவில் பின்னாசனப் பயணிகளும் பட்டி அணிய வேண்டும் என்ற விதி ஏட்டில் நீண்ட காலமாக இருந்து வந்தது. 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதற்கான தண்டத்தை 1,000 ரூபாவாக நிர்ணயித்தது. ஆயினும், 2022 செப்ரெம்பர் 4ஆம் திகதி மகாராஷ்டிராவின் பல்கார் மாவட்டத்தில் இடம்பெற்ற விபத்தில் டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்த போதுதான் நாடு விழித்துக் கொண்டது. விலையுயர்ந்த அந்தக் காரின் முன்னாசனத்தில் இருந்த இருவரும் உயிர்தப்பினர். பின்னாசனத்தில் பட்டி அணியாதிருந்த இருவரும் மாண்டனர். பின்னாசனம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை எவ்வளவு போலியானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது விடயம் நட்டஈடு சம்பந்தமானது. இது பற்றி எமது மக்களிடையே போதிய தெளிவு இல்லை. பாதிக்கப்பட்டவரிடமும் தவறு இருந்தால் அவரது கோரிக்கை முழுவதுமே தோற்றுவிடக்கூடிய நிலை பழைய சட்டத்தில் இருந்தது. இலங்கையில் 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பங்களிப்புக் கவனயீனம் தொடர்பான சட்டச் சீர்திருத்தம் அந்நிலையை மாற்றியது. அதன் நோக்கம், இரு தரப்பினரின் தவறுக்கும் ஏற்ப நட்டஈட்டைப் பங்கிடுவதாகும். ஆசனப் பட்டி விடயத்தில் இக்கோட்பாடு எவ்வாறு பிரயோகிக்கப்பட வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டு புரூம் எதிர் புச்சர் என்ற வழக்கில் டெனிங் பிரபு வழங்கிய தீர்ப்பு முன்மாதிரியாகக் கொள்ளப்படுகின்றது. விபத்துக்கு யார் காரணம் என்பது ஒரு கேள்வி, காயத்துக்கு எது காரணம் என்பது வேறொரு கேள்வி என்று அத்தீர்ப்பு பிரித்துக் காட்டியது. பட்டி அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிருக்காது எனின் நட்டஈட்டில் 25 சதவீதமும், காயம் கணிசமாகக் குறைந்திருக்கும் எனின் 15 சதவீதமும் கழிக்கப்படலாம். பட்டி அணிந்திருந்தாலும் அதே காயம் ஏற்பட்டிருக்கும் எனின் ஒரு சதமேனும் கழிக்கப்படலாகாது. இங்கிலாந்தில் பட்டி அணிவது கட்டாயமாக்கப்பட்டது 1983 ஜனவரி 31ஆம் திகதியே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதாவது, சட்டம் கட்டளையிடாத காலத்திலேயே, தன்னைக் காத்துக் கொள்ளும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று நீதிமன்றம் கருதியது.

அத்தகைய தீர்ப்புகள் இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆயினும், அவற்றின் தர்க்கம் இங்கும் செல்லுபடியாகக் கூடியதே. இதிலிருந்து இரு உண்மைகளை மக்கள் விளங்கிக் கொள்வது நல்லது. ஒன்று, பின்னாசனத்தில் பட்டி அணியும்படி சட்டம் வற்புறுத்தவில்லை என்பதால் அணியாதவருக்குப் பாதிப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நட்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தக் கேள்வியை எழுப்புவதற்கு இடமுண்டு. மற்றையது, பட்டி அணியவில்லை என்பதற்காக உரிமை முற்றாகப் பறிபோய்விடுவதுமில்லை. "நீங்கள் பட்டி போடவில்லை, ஆகவே ஒன்றும் கிடைக்காது" என்று எவராவது கூறி, விபத்தில் குடும்பத் தலைவரை இழந்த பெண்ணிடம் சொற்பத் தொகைக்குக் கையொப்பம் பெற முனைந்தால், அவர் சட்ட ஆலோசனை பெறாமல் இணங்கிவிடலாகாது. தவறாக வாகனம் செலுத்தியவரின் குற்றவியல் பொறுப்பும் பயணியின் கவனயீனத்தால் நீங்கிவிடுவதில்லை. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் என்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் தனியான குற்றமாகும்.

மூன்றாவது விடயமே எமது சிந்தனைக்கு மிகவும் உரியது. "என் உயிர், என் விருப்பம். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்போர் உள்ளனர். தனிமனித சுதந்திரத்தை மதிப்பவர்கள் நாம். எனினும், இந்த வாதம் பின்னாசனப் பயணியின் விடயத்தில் நிலைக்காது. ஜப்பானில் இடம்பெற்ற கார் விபத்துகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, பின்னால் இருப்பவர் பட்டி அணியாதபோது, முன்னால் பட்டி அணிந்து அமர்ந்திருப்பவரின் மரண ஆபத்து சுமார் ஐந்து மடங்காகின்றது எனக் கண்டறிந்தது. பின்னாசனத்திலிருந்து தூக்கி வீசப்படும் உடல் முன்னாசனத்தின் மீது பெரும் பாரமாய் மோதுகின்றது. பின்னால் இருக்கும் மகன் அணியாத பட்டி, முன்னால் அணிந்திருக்கும் தந்தையின் உயிரைப் பறிக்கலாம். இவ்வாறிருக்க, அது தன் சொந்த விடயம் என்று எவர் கூற முடியும்?

இவ்வளவையும் கூறும் அதேவேளை, பொறுப்பு முழுவதையும் பயணியின் தலையில் சுமத்திவிட நாம் முற்படவில்லை. பட்டியே இல்லாத ஆசனத்தில் அமர்பவரிடம் ஏன் அணியவில்லை என்று கேட்பது நியாயமன்று. கட்டணம் செலுத்தி இரவு பஸ்ஸில் ஏறுபவர் தமக்குத் தரப்பட்ட ஆசனத்திலேயே அமர வேண்டியுள்ளது. அங்கு பொறுப்பு பஸ் உரிமையாளருக்கும், அனுமதிப்பத்திரம் வழங்குவோருக்கும் உரியது. மாகாணங்களுக்கிடையிலான சேவைகளுக்கு அனுமதி வழங்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, நீண்டதூர இரவுச் சேவைகளில் ஒவ்வோர் ஆசனத்துக்கும் பட்டி இருப்பதை நிபந்தனையாக்க வேண்டும். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் வான்களில் பட்டி இருக்கத்தான் செய்கின்றது. ஆனால், அழகுக்காகப் போடப்படும் ஆசன உறைகளுக்குக் கீழே அது புதைந்து கிடப்பதைப் பல வாடகை வாகனங்களில் காணலாம். ஆட்களை நெருக்கி ஏற்றுவதற்கு அதுவும் ஒரு வசதியாகி விடுகின்றது. ஐந்து பேருக்கு மூன்று பட்டிகள் போதா அல்லவா? குடாநாட்டின் வீதிகளில் இன்னும் உயிரோடு உலாவும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் பட்டி வழக்கத்துக்கு வருமுன்னரே செய்யப்பட்டவை. போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி எமது மக்களைக் காப்பாற்றிய அக்கார்களின் உரிமையாளர்களைத் தண்டிப்பது இவ்விதியின் நோக்கமாக இருத்தல் கூடாது.

எமது யோசனைகள் இவையாகும். பின்னாசனப் பயணிகளுக்கான விதியை அதிவேக நெடுஞ்சாலைகளுடன் நிறுத்திவிடாமல், ஏ-9 உட்பட பிரதான வீதிகளுக்கும் விஸ்தரிக்க வேண்டும். வயதுவந்த பயணி பட்டி அணியாவிடின் அவரே தண்டம் செலுத்துவார் என்றும், சிறுவருக்குச் சாரதியும் உடன்வரும் பெரியவரும் பொறுப்பு என்றும், பட்டி இல்லாமலோ பழுதடைந்தோ இருப்பின் உரிமையாளரே பொறுப்பு என்றும் வர்த்தமானி அறிவித்தலில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட வேண்டும். விதி நடைமுறைக்கு வருமுன்னர் சில மாதங்கள் எச்சரிக்கைக் காலமாக விடப்பட வேண்டும். வடக்கு, கிழக்கில் வழங்கப்படும் தண்டப்பத்திரங்களும் அறிவித்தல்களும் மக்கள் வாசித்து விளங்கக்கூடிய தமிழில் இருக்க வேண்டும். என்ன குற்றத்துக்காகத் தண்டம் செலுத்துகின்றோம் என்பதை அறியாதவர் அதிலிருந்து எந்தப் பாடத்தையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. சட்டம் கைலஞ்சத்துக்கான இன்னொரு வாய்ப்பாக மாறிவிடாமல் பொலிஸ் உயரதிகாரிகள் கண்காணிக்க வேண்டியதும் அவசியமாகும்.

மக்கள் இதனை ஏற்க மாட்டார்கள் என்ற ஐயம் சிலருக்கு எழலாம். பிரித்தானியாவில் சட்டம் வருமுன்னர் முன்னாசனத்தில் பட்டி அணிந்தோர் சுமார் 40 சதவீதமே. சட்டம் வந்த சில மாதங்களுக்குள் அது 90 சதவீதத்தைத் தாண்டியது. அவ்வளவு தூரம் செல்வானேன்? மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதியை எமது மக்கள் ஏற்றுக்கொண்டு விட்டனர். புடவை அணிந்த ஆசிரியையும் அபாயா அணிந்த மாணவியும் தலைக்கவசத்துடன் பின்னால் அமர்ந்து செல்வதை அன்றாடம் காண்கின்றோம். பயணிக்கும் சட்டப் பொறுப்பு உண்டு என்பது எமக்குப் புதிய செய்தியல்ல. இரு சில்லு வாகனத்தில் ஏற்றுக் கொண்டதை நான்கு சில்லு வாகனத்திலும் ஏற்பதற்குத் தடையேதும் இருக்க முடியாது. கர்ப்பிணிப் பெண்களுக்குப் பட்டி கேடு விளைவிக்கும் என்ற அச்சமும் பொருத்தமற்றது. இடுப்புப் பட்டி வயிற்றுக்குக் கீழாகவும், தோள் பட்டி மார்பின் நடுவாகவும் அமையுமாறு அணிந்தால் தாய்க்கும் சேய்க்கும் அது காவலாகும்.

விதியின்படிதான் எல்லாம் நடக்கும் என்று கூறி ஆறுதல் அடைவோரும் எம்மிடையே உள்ளனர். ஆனால், தன்னாலான காவலைச் செய்துகொண்ட பின்னரே இறைவனிடம் பாரத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே ஏற்கும் நெறியாகும். இரவில் கதவைப் பூட்டாமல் எவரும் படுக்கைக்குச் செல்வதில்லை.

போரிலும் இடப்பெயர்விலும் எண்ணற்ற உயிர்களைப் பறிகொடுத்த மண் இது. அந்த இழப்புகளைத் தடுக்கும் வல்லமை சாதாரண மக்களிடம் இருக்கவில்லை. வீதியில் நேரும் இழப்புகளில் ஒரு பகுதியையேனும் தடுக்கும் வல்லமை இன்று எமது கைகளிலேயே உள்ளது. சட்டம் திருத்தப்படும் வரையில் காத்திருக்க வேண்டியதுமில்லை. அடுத்த முறை வானில் ஏறுபவர்கள் ஆசன உறைக்குக் கீழே புதைந்திருக்கும் பட்டியை வெளியே எடுத்துத் தருமாறு சாரதியிடம் கேட்பார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாக அமையும். பயணிகள் கேட்கத் தொடங்கினால் உரிமையாளர்கள் பொருத்துவார்கள், அரசாங்கமும் செவிசாய்க்க வேண்டிவரும் என்று நாம் நம்புகின்றோம்.